காற்று நடந்த வழி – 9: மாத்லா ஆற்றங்கரையில் ஒரு துறைமுகம்

ஹூக்ளி ஆறு தூர்ந்துகொண்டே வருகிறது என்ற கவலை 1850-களின் தொடக்கத்தில் கல்கத்தா வணிகர்களைப் பிடித்து ஆட்டியது. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் ஏறிவர அஞ்சின. ஹூக்ளிக்குக் கிழக்கே, சுந்தரவனக் காடுகளை ஒட்டி ஓடும் மாத்லா ஆறு ஆழமானது, அகலமானது. அதன் கரையில் புதிய துறைமுக நகரம் ஒன்றைக் கட்டிவிட்டால் கல்கத்தாவின் கவலை தீர்ந்தது என்று கணக்குப் போட்டார்கள்.

அந்த இடம் வேண்டாம் என்று ஹென்றி பிடிங்டன் சொன்னார். 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதி, அதை அச்சிட்டும் வெளியிட்டார். மாத்லாக் கரையில் குடியேறுகிறவர்கள் ஒரு நாளுக்குத் தயாராக இருக்க வேண்டும். புயலின் நடுவே உப்புநீர் மலைபோல் உருண்டு வரும், அல்லது நின்ற இடத்திலேயே மளமளவென்று ஏறும். ஊர் முழுவதும் 5 அடி முதல் 15 அடி வரை முழுகும். கடிதத்தின் சாரம் இதுதான். படித்தவர்கள் இருந்தார்கள். கேட்டவர்கள் இல்லை.

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் பிறந்தவர் பிடிங்டன். வணிகக் கப்பல்களின் தலைவராகக் கடலில் அலைந்துவிட்டு வங்காளத்தில் கரையேறினார். கல்கத்தாவில் பொருளியல் நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தார். பிறகு கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவரானார். பல்கலைக்கழகப் பட்டமோ கணித மேதைமையோ அவரிடம் இல்லை. கப்பல் பதிவேட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. இந்தத் தொடரில் இதுவரை வந்த ஹேலி, ஹாட்லி போன்றவர்கள் உலகக் காற்று முழுவதையும் ஒரே வரைபடத்தில் பார்த்தவர்கள். பிடிங்டன் ஒவ்வொரு புயலாக, ஒவ்வொரு கப்பலாகப் பார்த்தவர். புயலைப் பற்றிய அறிவு இந்த இரண்டாவது வகை மனிதர்களால்தான் வளர்ந்தது என்பது என் எண்ணம்.

வங்காள விரிகுடாவில் ஒரு புயல் அடித்தால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் சிக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் மணிக்கொரு முறை யாரோ ஒருவர் காற்றின் திசையையும் காற்றழுத்தமானியின் அளவையும் எழுதியிருப்பார். தப்பிப் பிழைத்துக் கல்கத்தா வந்து சேரும் கப்பல்களின் பதிவேடுகளை பிடிங்டன் கேட்டு வாங்கினார். 1838-இல் வில்லியம் ரீட் எழுதிய புயல் நூல் வெளிவந்ததைத் தொடர்ந்து வங்காள அரசும் துறைமுக அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அங்கிருந்தும் குறிப்புகள் வந்து சேர்ந்தன. ஒரே நாள், ஒரே நண்பகல் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கப்பலும் நின்ற இடத்தில் காற்றின் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுவார். எல்லா அம்புகளையும் போட்டு முடித்ததும் அவை ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து நிற்பது தெரியும். மறுநாள் நண்பகலுக்கும் அப்படியே செய்தால் மையம் நகர்ந்திருக்கும். இரண்டு மையங்களையும் இணைத்தால் புயல் நடந்த வழி கிடைத்துவிடும். 1839-இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் புயலுக்கு ஒரு கட்டுரையாக அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

புயல் என்பது சுழல் என்று முதலில் நிறுவியவர் அவரல்ல. அமெரிக்காவில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலில் தொடங்கி நீராவிக் கப்பல் வணிகத்துக்கு வந்த வில்லியம் ரெட்ஃபீல்டு, 1821 செப்டம்பர் புயலுக்குப் பிறகு கனெக்டிகட், மாசசூசெட்ஸ் வழியாகப் பயணம் செய்தார். ஓரிடத்தில் மரங்கள் வடமேற்கு நோக்கிச் சாய்ந்துகிடந்தன. சில பத்து மைல்களுக்கு அப்பால் அதே புயலில் விழுந்த மரங்கள் தென்கிழக்கு நோக்கிக் கிடந்தன. ஒரே காற்று எதிரெதிர்த் திசைகளில் அடித்திருக்க வேண்டுமென்றால் அது சுற்றியடித்திருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து, 1831-இல்தான் அதை அச்சில் சொன்னார். அதே ஆண்டு பார்படோஸ் தீவைப் புயல் சூறையாட, அழிந்த கட்டடங்களைத் திரும்பக் கட்ட அனுப்பப்பட்ட ராணுவப் பொறியாளர் ரீட், ரெட்ஃபீல்டின் கருத்தைப் படித்து, அதைச் சோதிக்கக் கப்பல் பதிவேடுகளைத் திரட்டினார். அந்த வழியை பிடிங்டன் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்.

அவர் ஆராய்ந்தவற்றில் என்னை அதிகம் பாதித்தது ‘சார்லஸ் ஹெட்டில்’ என்ற சிறு கப்பலின் பதிவேடு. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. பின்காற்றுக்குக் கப்பலைக் கொடுத்து ஓடித் தப்புவதே கடலோடிகளின் வழக்கம். அதன் தலைவரும் அப்படியே ஓடவிட்டார். நாள்கணக்கில் ஓடினார்கள். பாய்கள் கிழிந்தன, காற்று திசை மாறிக்கொண்டே வந்தது; எங்கோ வெகுதூரம் வந்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். புயல் ஓய்ந்ததும் சூரியனை வைத்து இடத்தைக் கணித்தால், கிளம்பிய தீவு அருகிலேயே இருந்தது. பிடிங்டன் அந்தப் பதிவேட்டை வரைபடத்தில் ஏற்றினார். ஆயிரம் மைல்களுக்கு மேல் ஓடிய கப்பல் உண்மையில் விலகி வந்திருந்தது 350 மைல் அளவுதான். புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. மையம் மெல்ல நகர, கப்பலும் கூடவே இழுபட்டிருக்கிறது. காற்று சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இத்தகைய புயல்களுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டவரும் அவர்தான். அந்தப் பெயர் 1848-இல் வெளியான அவருடைய மாலுமிகள் கையேட்டின் வழியாகத் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது.

அந்தக் கையேட்டோடு இரண்டு தகடுகள் வந்தன. மாட்டுக்கொம்பைச் சீவி மெலிதாக்கிய, ஒளி ஊடுருவும் தகடுகள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பயன்படுத்த ஒன்று, இடஞ்சுழியாக அம்புகள் போட்டது. தெற்கே பயன்படுத்த ஒன்று, வலஞ்சுழியாகப் போட்டது. கடல் வரைபடத்தின்மேல் தகட்டை வைத்து, தன் கப்பலில் அடிக்கும் காற்றோடு ஒத்துப்போகும் அம்பைத் தேடிக் கப்பலின் இடத்தில் பொருத்தினால், தகட்டின் நடுப்புள்ளி புயலின் கண் இருக்கும் இடத்தைக் காட்டும். கொந்தளிக்கும் கடலில், விளக்கு நிற்காத அறையில், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ஒரு மாலுமி பயன்படுத்தக்கூடிய கருவி அது. அறிவியலைச் சாதாரண மனிதன் கையில் கொடுக்க வேண்டும் என்ற அக்கறை அதன் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது.

ஆனால் அதில் பிழை இருந்தது. தகட்டின் அம்புகள் முழு வட்டமாக இருந்தன. உண்மையில் காற்று மையத்தைச் சுற்றும்போதே உள்நோக்கியும் சாய்ந்து வருகிறது. காற்று சுழல்கிறதா, உள்நோக்கிப் பாய்கிறதா என்பதைப் பற்றி அமெரிக்காவில் அப்போது பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் எஸ்பி என்பவர், காற்று சுழலவே இல்லை, நான்கு பக்கமிருந்தும் நேராக மையத்துக்குப் பாய்ந்து மேலே எழுகிறது என்றார். ரெட்ஃபீல்டு, இல்லை, சுழல்கிறது என்றார். இருவரும் ஒருவரையொருவர் விடாமல் தாக்கி எழுதினார்கள். இருவரிடமும் பாதி உண்மை இருந்தது. நாஷ்வில்லில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த வில்லியம் ஃபெரல் 1856-இல் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தார். தாழ்வான அழுத்தம் காற்றை உள்ளே இழுக்கிறது. உலகின் சுழற்சி அந்தக் காற்றை, வடபாதியில், வலப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. நேராக மையத்துக்கு வர நினைத்த காற்று வலப்பக்கம் விலகி விலகி மையத்தைச் சுற்ற ஆரம்பிக்கிறது. கடற்பரப்பின் உராய்வு அதன் வேகத்தைக் கொஞ்சம் பிடிக்க, உள்நோக்கிச் சாய்கிறது. தகட்டை முழுக்க நம்பிய கப்பல் தலைவர்கள், மையத்திலிருந்து விலகுவதாக எண்ணி அதை நோக்கியே போன நிகழ்வுகள் உண்டு. மொரீஷியஸில் சார்லஸ் மெல்ட்ரம் பிற்பாடு பல ஆண்டுகள் உழைத்துத்தான், காற்றின் திசையை வைத்து மையத்தைக் கண்டுபிடிக்கும் மாலுமிகளின் விதியைத் திருத்தினார்.

புயலுக்குக் காரணம் என்ன என்பதிலும் பிடிங்டன் வழிதவறினார். மேல்வானத்து மின்சாரம்தான் புயலைப் பிறப்பிக்கிறது என்று கருதினார். இந்தக் கேள்வியில் எஸ்பிதான் சரியான வழியில் இருந்தார். கடல்நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது, எடுத்த வெப்பத்தை அப்படியே காற்றில் விடுகிறது. ஒரு கிலோகிராம் நீராவி மேகமானால் வெளிப்படும் வெப்பம் 25 லட்சம் ஜூல். சூடான காற்று இன்னும் மேலே எழுகிறது. அடியில் அழுத்தம் இன்னும் குறைகிறது. சுற்றிலுமிருந்து ஈரக்காற்று இன்னும் வேகமாக ஓடிவருகிறது. வேகக்காற்று கடலிலிருந்து இன்னும் அதிக நீராவியை அள்ளுகிறது. கடல் வெதுவெதுப்பாக இருக்கும்வரை இந்தச் சங்கிலி அறுவதில்லை. கரையேறியதும் புயல் ஏன் தளர்ந்துவிடுகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

ஒரு புயல் பிறக்கக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் எரிக் பால்மன் கண்டது. வங்காள விரிகுடா ஆண்டின் பெரும்பகுதி அதைவிடச் சூடாகவே இருக்கிறது. அப்படியென்றால் ஜூலை, ஆகஸ்டில் ஏன் இங்கே பெரும் புயல்கள் வருவதில்லை? விடை கடலில் இல்லை, வானத்தில் இருக்கிறது. இங்கேதான் சென்ற பகுதிகளில் பார்த்த பெருங்காற்றோட்டம் மறுபடியும் கதைக்குள் வருகிறது. இரு பாதிகளின் காற்றுகளும் சந்தித்து மேலெழும் பட்டை சூரியனைத் தொடர்ந்து நகர்கிறது. ஜூலையில் அது கங்கைச் சமவெளிவரை ஏறிவிடுகிறது. கீழே தென்மேற்குக் காற்று பலமாக வீசுகிறது. 14, 15 கிலோமீட்டர் உயரத்திலோ அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து ஒரு வேகக்காற்று ஓடுகிறது. இந்த மேல்வானக் காற்றோட்டத்தை 1958-இல் தெளிவாக எழுதிக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேசுவரம். அடியில் ஒரு திசை, உச்சியில் எதிர்த்திசை என்றானால் புயலின் மேகக்கோபுரம் நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே சேர்ந்த வெப்பம் மையத்தைவிட்டுத் தள்ளப்படுகிறது. அதனால் அந்த மாதங்களில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் உருவாகி, ஒடிசாவுக்கும் மத்திய இந்தியாவுக்கும் மழையைக் கொடுத்துவிட்டுக் கலைகின்றன.

அக்டோபரில் பட்டை தெற்கே திரும்பி விரிகுடாவின்மேல் வந்து நிற்கிறது. கோடை முழுதும் வாங்கிய வெப்பம் கடலில் அப்படியே இருக்கிறது. மேல்வானக் கிழக்குக் காற்றோ அடங்கிவிட்டது. தென்சீனக் கடலில் அடித்து ஓய்ந்த புயல்களின் மிச்சங்களும் சில சமயம் வியட்நாம், தாய்லாந்து வழியாக இங்கே வந்து மறுபிறவி எடுக்கின்றன. தமிழகக் கடற்கரைக்கு மழையைத் தரும் அதே வாரங்கள்தாம் விரிகுடாவின் புயல் வாரங்கள் என்பதற்கு இதுவே காரணம். வேனிலின் முடிவில், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், தென்மேற்குக் காற்று முழுபலம் பெறுமுன் இன்னொரு சிறு பருவம் வாய்க்கிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டி மட்டும் புயல் பிறப்பது மிக அரிது. காற்றைத் திருப்பிவிடும் உலகச் சுழற்சியின் விளைவு அங்கே ஏறத்தாழ இல்லை. உள்ளே பாயும் காற்று சுழலாமலேயே பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் 5 பாகை வடக்கை ஒட்டியே தோன்றியது என்பதால் வானிலையாளர்கள் அதை இன்றும் தனித்துக் குறிப்பிடுகிறார்கள். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே, 1.5 பாகையிலேயே ‘வாமெய்’ என்ற புயல் உருவானது அதைவிடப் பெரிய வியப்பு.

இவை எதுவும் பிடிங்டனுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் ஒன்றைத் தன் காலத்தின் வேறு எவரையும்விடத் தெளிவாகப் பார்த்தார். புயலில் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல, தண்ணீர். கோதாவரியின் முகத்துவாரத்தில் இருந்த கோரிங்கா என்ற துறைமுக ஊர் அவருக்கு இதைக் கற்பித்தது. 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஊருக்குள் புகுந்தன. இறந்தவர்கள் 20,000 பேர் என்று சொல்லப்பட்டது. அரைநூற்றாண்டுக்குள், 1839 நவம்பர் 25-இல் மீண்டும் கடல் ஏறி, மிச்சமிருந்ததையும் கொண்டுபோனது. அந்த இரண்டாம் அழிவு பிடிங்டன் ஆராய்ச்சியைத் தொடங்கிய அதே ஆண்டில் நிகழ்ந்தது. தப்பியவர்களின் வாக்குமூலங்களை அவர் வரிவரியாகப் படித்தார்.

தண்ணீர் ஏறுவதற்கான காரணத்தை இன்றைய அறிவை வைத்துச் சொல்லிவிடுகிறேன். மையத்தில் அழுத்தம் குறைவதால் கடல் கொஞ்சம் உப்புகிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஒரு சென்டிமீட்டர். கடும் புயலிலும் அதன் பங்கு ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. மீதி முழுவதும் காற்றின் வேலை. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழமற்ற கடலில் திரும்ப வழியில்லை. கரையில்தான் ஏற வேண்டும். விரிகுடாவின் வடமுனை உலகிலேயே இதற்கு மிக மோசமான இடங்களில் ஒன்று. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் வெகுதூரம்வரை ஆழமில்லாமல் கிடக்கிறது. கரைகள் இருபுறமும் குறுகி வருகின்றன. கழிமுக நிலமோ கடல்மட்டத்திலிருந்து சில அடிகள்தான் உயரம். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் புயலும் வந்து சேர்ந்தால் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை, கரையோரக் காடுகளைத் தவிர. அந்தக் காடுகளை வெட்டிச் சமனாக்கிய இடத்தில்தான் மாத்லாத் துறைமுகம் எழவிருந்தது.

பிடிங்டன் 1858-இல் கல்கத்தாவில் இறந்தார். எதிர்ப்புச் சொல்ல ஆளில்லை. கானிங் பிரபுவின் பெயரைச் சூட்டி ‘போர்ட் கானிங்’ எழுந்தது. கல்கத்தாவிலிருந்து ரயில் பாதை போடப்பட்டது. 1865-இல் தனிக் கம்பெனியே தொடங்கி, அதன் பங்குகளைப் போட்டிபோட்டு வாங்கினார்கள். இதற்கிடையில், 1864 அக்டோபர் 5 அன்று, பெரும்புயல் ஒன்று ஹூக்ளி ஆற்றின்வழியே கடலைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஆற்றின் இருகரைக் கிராமங்களிலும் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். ஒரு மாதம் கழித்து, நவம்பர் தொடக்கத்தில், மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். அங்கே சுமார் 30,000 பேர். இவ்வளவுக்குப் பிறகும் போர்ட் கானிங் பங்குகளுக்குக் கிராக்கி இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. எச்சரிக்கை கையில் இருந்தது. அச்சிலும் இருந்தது. எழுதியவர் இருபது ஆண்டு ஆராய்ச்சி செய்தவர்.

1867 நவம்பர் 1 அன்று புயல் மாத்லாவில் ஏறியது. விரிகுடாவின் கணக்கில் அது பெரும்புயல்கூட இல்லை. வந்த வெள்ளமும் சுமார் 6 அடிதான். படகுத்துறைகளும் பண்டகசாலைகளும் ரயில் நிலையமும் சிதைவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. கடிதத்தில் சொல்லியிருந்த அளவில், 5 அடிக்கும் 15 அடிக்கும் இடையில், கீழ்ப்படியிலேயே அது நின்றுவிட்டது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. இன்று கானிங் ஒரு ரயில் நிலையமும் சந்தையும் கொண்ட ஊர். சுந்தரவனத்துக்குப் போகிறவர்கள் அந்த வழியாகப் போகிறார்கள்.

1864-இன் இரட்டை அழிவு அரசை அசைத்தது. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்கென முதல் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அக்டோபர் புயலைப் பற்றி அறிக்கை எழுதும் பணி இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் நில அளவைத் துறையின் கர்னல் காஸ்ட்ரெல். மற்றவர் ஹென்றி பிளான்ஃபர்டு, தொழிலால் நிலவியலாளர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் நடந்து, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் தொல்லுயிர்ப் படிவங்களைத் தேடிக்கொண்டிருந்தவர். 1866-இல் வெளிவந்த அந்த அறிக்கைக்காக அவரும் கப்பல் பதிவேடுகளைத்தான் கேட்டு வாங்கினார், பிடிங்டனின் வழியிலேயே. இந்தியா முழுவதற்குமான வானிலைத் துறை 1875-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரை அமர்த்தினார்கள். புயலைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவர் மேசைக்கு வந்தது: இந்த ஆண்டு மழை பெய்யுமா? 1876-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய பெரும்பஞ்சத்திலிருந்து அடுத்த பகுதி.